ரோல்ட் டால் கதைகளில் அடி யாருக்கு விழுகிறது?

#1 நூலகப்பூனை

பிள்ளைகளுக்குக் கதை எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு பதில்தான் வருகிறது. "ஐயோ, கொடூரமான கதைகள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்" என்பது ஒன்று. "சும்மா சிரிக்க எழுதியது, அதில் போய் என்ன ஆராய்ச்சி" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. கொடூரம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. அது யார் மேல் விழுகிறது என்று பார்த்தால்தான் மனிதர் செய்த வேலை புரியும்.

அவருக்கு முன்னால் ஐரோப்பாவில் பிள்ளைகளைத் திருத்த எழுதிய கதைகள் எப்படி இருந்தன என்று பாருங்கள். பிராங்க்ஃபர்ட்டில் மருத்துவராக இருந்த ஹைன்ரிக் ஹோஃப்மான் தன் சின்ன மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு படப்புத்தகம் எழுதினார், 1845-ல் அது அச்சில் வந்தது. கட்டைவிரல் சூப்பும் பையனிடம் ஒரு தையல்காரர் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலையும் நறுக்கிவிட்டுப் போவார். தீக்குச்சி கிழித்து விளையாடிய சிறுமி சாம்பலாகிக் கிடப்பாள், பக்கத்தில் இரண்டு பூனைகள் அழுதுகொண்டிருக்கும். சூப் வேண்டாம் என்று அடம் பிடித்தவன் ஐந்தாம் நாள் செத்துப்போவான். அப்புறம் 1907-ல் இங்கிலாந்தில் ஹிலேர் பெல்லாக் இதே வகையைக் கேலிப் பாட்டாக எழுதினார். ஆயாவின் கையை விட்டு ஓடியவனைச் சிங்கம் தின்னும். பொய் சொல்லியே பழகிய ஒரு சிறுமி, வீடு உண்மையிலேயே தீப்பிடித்தபோது கத்தியும் யாரும் நம்பாமல் எரிந்துபோவாள். அவள் பெயர் மடில்டா.

எல்லாவற்றிலும் தப்பு பிள்ளையுடையது, எச்சரித்தது பெரியவர், அனுபவிப்பது பிள்ளை. டால் அந்தப் பிரம்பை வாங்கித் திருப்பிப் பிடித்தார். 1961-ல் வந்த ராட்சதப் பீச் பழக் கதையில், அனாதையான ஜேம்ஸை அடித்து வேலை வாங்கும் ஸ்பான்ஜ், ஸ்பைக்கர் என்ற இரண்டு அத்தைமார் மேலும் பழம் உருண்டு தரையோடு தரையாக நசுக்கிவிட்டுப் போகிறது. 1980-ல் வந்த ட்விட் தம்பதி கதை இன்னும் கணக்காகப் போகும். அவர்கள் மரக்கிளைகளில் கோந்து தடவிப் பறவைகளைப் பிடித்து மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தின்கிறவர்கள். கூண்டில் அடைத்த குரங்குக் குடும்பத்தைத் தலைகீழாக நிற்க வைத்துப் பழக்குகிறவர்கள். கடைசியில் அதே கோந்தில், அதே தலைகீழ் நிலையில், தலை தரையில் ஒட்டி, உடம்பு சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகிறார்கள். பிறர்க்கு முற்பகலில் செய்தது பிற்பகலில் தாமே வரும் என்கிறது குறள். டால் கதையில் அது தானாக வருவதில்லை, அடிபட்டவர்கள் கூடிப் பேசி, கோந்து டப்பாவைத் தூக்கி, வரவழைக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அதில் கிடைப்பது பழிவாங்கும் குஷி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர்களும் கெட்டவர்களாக இருப்பார்கள், நீ பார்த்தது கனவில்லை என்று ஒரு பெரிய மனிதர் அச்சில் எழுதிக் கொடுக்கிறார். ஒன்பது வயதில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

டாலின் சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் வரும் சார்லியை வைத்து யாராவது மறுப்பீர்கள். வாருங்கள், பேசுவோம்.

#2 வெயில்காலம்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் வேறு கதையை வைத்து மறுக்கிறேன். 1981-ல் வந்த ஜார்ஜின் மருந்துக் கதை. என் பெண்ணுக்கு எட்டு வயது, சிரித்துச் சிரித்துப் படித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதில் வரும் ஜார்ஜின் பாட்டி எரிச்சல் பிடித்தவள், சரி. பையனைப் பார்த்து நீ வேகமாக வளர்கிறாய், வளராதே என்கிறாள், புழு பூச்சி தின்னச் சொல்கிறாள், எனக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று பயமுறுத்துகிறாள். அதற்குப் பையன் என்ன செய்கிறான்? குளியலறையில் இருக்கும் ஷாம்பு, பற்பசை, அப்புறம் தரைக்குப் பூசும் பாலிஷ், கொட்டகையில் இருக்கும் கால்நடை மருந்து, வண்டிக்குப் போடும் கிரீஸ், எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிக் கொதிக்க வைத்து அவளுக்குக் கொடுக்கிறான். அவள் கூரையைப் பிய்த்துக்கொண்டு வளர்கிறாள், அது வரைக்கும் கூடச் சரி. கடைசியில் வேறொரு கலவையைத் தேநீர் என்று நினைத்துக் குடித்துச் சுருங்கிக் காணாமலே போகிறாள். ஜார்ஜின் அப்பா துள்ளிக் குதிக்கிறார். பெற்ற மகளே கொஞ்ச நேரம் பதறிவிட்டு, வீட்டில் தொந்தரவாகத்தானே இருந்தார் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறாள்.

ட்விட் தம்பதிக்கு நடந்தது அவர்கள் செய்ததற்கு ஈடு என்று சொல்லலாம். இந்தக் கிழவி என்ன செய்தாள்? வயதாகி, நாற்காலியை விட்டு எழ முடியாமல், வாயால் மட்டும் வதைக்கிறவள். அந்த வீட்டில் பலமில்லாதவள் அவள்தான். பிரம்பைத் திருப்பிப் பிடித்தார் என்கிறீர்களே, இங்கே அது யார் முதுகில் விழுகிறது?

இன்னொன்று, குண்டாக இருப்பவர்கள் மேல் அவருக்கு இருக்கும் வெறுப்பு. சார்லி கதையில் அகஸ்டஸ் குளூப், பீச் பழக் கதையில் ஸ்பான்ஜ் அத்தை, சூனியக்காரிகள் கதையில் புரூனோ. உடம்பைப் பார்த்தாலே கெட்டவன் என்று தெரிந்துவிட வேண்டும். வகுப்பில் ஏற்கெனவே கேலி வாங்கும் ஒரு பிள்ளை இதைப் படித்தால் அதற்கு ஆறுதல் எங்கே கிடைக்கும்?

#3 கிணற்றடி

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஆறாம் வகுப்புக்கு டாலின் 'மடில்டா' கதையை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, உடனே தமிழில் கதையாகச் சொல்வது, அப்படி. அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

தலைமையாசிரியை டிரஞ்ச்புல் ஒரு காலத்தில் சங்கிலிக் குண்டு எறிதல் வீராங்கனை. அவளுக்கு இரட்டைச் சடை பிடிக்காது. அமாண்டா என்ற சின்னப் பெண், அம்மா ஆசையாகப் பின்னிவிட்ட சடையோடு நிற்கிறாள். டிரஞ்ச்புல் இரண்டு சடையையும் சேர்த்துப் பிடித்து, குண்டைச் சுற்றுவது மாதிரி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி விடுகிறாள். பிள்ளை மைதானத்து வேலியைத் தாண்டிப் பறந்து போய்ப் புல்லில் விழுந்து துள்ளி உட்காருகிறது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் எல்லாரும் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடைதான். இந்த இடம் வந்ததும் வகுப்பில் பாதிப் பேருடைய கை சடைக்குப் போனது. சிரிப்பு அப்புறம்தான் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அவங்க அம்மா வந்து கேட்கலையா சார்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு டால் அடுத்த பக்கத்திலேயே பதில் வைத்திருக்கிறார். மடில்டா சொல்வாள்: டிரஞ்ச்புல் தப்பித்துக்கொள்வதே இதனால்தான். எதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது, யாரும் நம்ப முடியாத அளவுக்குச் செய்துவிட வேண்டும், சடையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள் என்று வீட்டில் போய்ச் சொன்னால் எந்த அப்பா அம்மாவும் நம்பப்போவதில்லை, என்னுடையவர்கள் நம்பமாட்டார்கள்.

பூனை சார் பெல்லாக்கின் மடில்டாவைச் சொன்னார். பொய் சொன்னதால் யாரும் நம்பாமல் எரிந்துபோன சிறுமி. டாலின் மடில்டா இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் டால் என்று எனக்குத் தோன்றுகிறது. மிகைப்படுத்தி எழுதுகிறார் என்று குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும். மிகையே அவளுக்குக் கவசம் என்று கதைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987-ல்தான் முடிவுக்கு வந்தது. மடில்டா வந்தது 1988. கட்டணப் பள்ளிகளில் அதற்கப்புறமும் பத்து வருடத்துக்கு மேல் அடி தொடர்ந்தது. நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடம்பைத் தண்டிப்பதையும் மனதை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. உடம்பில் விழும் அடி நிறையக் குறைந்திருக்கிறது. மனவதை என்று எழுதியிருப்பதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கேட்டால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

#4 தெற்குத்தெரு

சார்லி கதையை நானே எடுக்கிறேன். சாக்லேட் தொழிற்சாலைக்குள் போகும் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேருக்கு அடி விழுகிறது. தின்னிப்பண்டாரம் குழாயில் மாட்டுகிறான், சூயிங்கம் மெல்கிறவள் நீலப் பழமாக வீங்குகிறாள், கேட்டதெல்லாம் வாங்கியே வளர்ந்தவளைக் குப்பைக்குழியில் தள்ளுகின்றன அணில்கள், டிவிப் பைத்தியம் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாகிறான். ஒவ்வொருவனுக்கும் பின்னால் ஊம்பா லூம்பாக்கள் என்ற தொழிற்சாலைக் குள்ளர்கள் பாட்டுப் பாடிப் புத்தி சொல்கிறார்கள். இது அப்படியே ஹோஃப்மான்தானே? எங்கே பிரம்பு திரும்பியது?

#5 நூலகப்பூனை

அந்தப் புத்தகம் 1964-ல் வந்தது, பழைய வகைக்கு மிக நெருக்கமாக அவர் எழுதியது அதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளை ஒருமுறை திரும்பப் படியுங்கள். வெருக்கா சால்ட் குழிக்குள் போனதும் ஊம்பா லூம்பாக்கள் கேட்கும் கேள்வி, இந்தப் பெண்ணை இப்படிக் கெடுத்தது யார் என்பது. பதிலும் அவர்களே சொல்கிறார்கள், அப்பாவும் அம்மாவும். அவர்கள் இருவரும் மகள் பின்னாலேயே அதே குழிக்குள் விழுகிறார்கள். மைக் டீவீக்கான பாட்டு முழுக்கப் பெற்றோரைப் பார்த்துத்தான், டிவிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புத்தக அலமாரி வையுங்கள் என்று.

அப்புறம், யாரும் சாகவில்லை. நான்கு பேரும் வெளியே நடந்து போவதைச் சார்லி மேலிருந்து பார்க்கிறான். ஒருவன் ஒல்லியாகியிருக்கிறான், ஒருத்தியின் முகம் ஊதா நிறம், ஒருத்தி மேலெல்லாம் குப்பை, ஒருவன் இழுத்து விட்டதில் பனைமரம் மாதிரி நீண்டுவிட்டான். ஹோஃப்மான் வீட்டிலிருந்து அந்தப் பிள்ளைகள் இப்படி நடந்து வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

வெயில்காலம் அக்கா கேட்ட பாட்டி விஷயத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் புத்தகத்தின் முடிவு எனக்கும் உறுத்துகிறது. அப்பாவின் குஷியில் பிள்ளையின் பார்வை விலகி, மாமியாரோடு மல்லுக்கு நிற்கும் ஒரு மருமகனின் பார்வை நுழைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். கதை அங்கே ஜார்ஜின் உயரத்தை விட்டு எழுந்துவிட்டது.

#6 ஆற்றுமணல்

அவர் எங்கிருந்து இதை எடுத்தார் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே. 1984-ல் அவர் எழுதிய இளமைக்கால நினைவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, "பாய்" என்று பெயர். என்னைக் கேட்டால் இவருடைய எல்லாக் கதைகளுக்கும் சாவி அதுதான்.

1916-ல் வேல்ஸில் கார்டிஃப் நகரத்தை ஒட்டிய லாண்டாஃப் என்ற இடத்தில் பிறந்தார், அப்பா அம்மா இருவரும் நார்வேக்காரர்கள். மூன்று வயதில், சில வாரங்களுக்குள் அக்காவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்கு ஏழு வயது, குடல்வால் அழற்சி. அந்த ஊரில் ஒரு மிட்டாய்க் கடை, அழுக்குக் கையை ஜாடிக்குள் விட்டு மிட்டாய் எடுத்துக் கொடுக்கும் ஒரு கடைக்காரக் கிழவி. பையன்கள் சேர்ந்து திட்டம் போட்டு ஒரு செத்த எலியை அவளுடைய ஜாடிக்குள் போட்டுவிட்டார்கள். எலியைப் போட்டது டால். மறுநாள் கடை பூட்டியிருந்தது, ஜாடி உடைந்து தரையில் கிடந்தது, கிழவி பயத்தில் செத்தேபோய்விட்டாள் என்று பையன்கள் நடுங்கிவிட்டார்கள்.

அவள் சாகவில்லை. பள்ளிக்கே வந்து, வரிசையாக நிற்க வைத்த பிள்ளைகளில் இவர்களை அடையாளம் காட்டினாள். தலைமையாசிரியர் ஆளுக்கு நான்கு பிரம்படி கொடுத்தார். அவள் அதே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் பலமாக அடியுங்கள் என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி குளிக்கும்போது அம்மா தடிப்புகளைப் பார்த்துவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டார். நீங்கள் வெளிநாட்டுக்காரர், பிரிட்டிஷ் பள்ளி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. அந்த வருடம் முடிந்ததும் அம்மா அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்.

கிணற்றடி சாருடைய கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான் இல்லையா, அம்மா வந்து கேட்கவில்லையா என்று? இவருக்கு அம்மா வந்து கேட்டார். கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மடில்டா எழுதும்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அந்த அறையும் நாற்காலியும் அப்போதும் அவரை விட்டுப் போகவில்லை.

அப்புறம் படித்த ரெப்டன் பள்ளியில் பெரிய பையன்களுக்குச் சின்னப் பையன்கள் எடுபிடி. பனிக்காலத்தில் சீனியர் வருவதற்கு முன்னால் கழிப்பறைப் பலகையில் உட்கார்ந்து சூடாக்கி வைக்க வேண்டும். அதே பள்ளிக்குத்தான் கேட்பரி கம்பெனி புதுச் சாக்லேட்களை வெறும் அட்டைப் பெட்டியில் அனுப்பிப் பையன்களை மதிப்பெண் போடச் சொல்லும். சாக்லேட் தொழிற்சாலையின் விதை அது என்று அவரே எழுதியிருக்கிறார். சூடான பலகையும் சாக்லேட்டும் ஒரே கட்டடத்துக்குள். அவர் கதைகளில் இனிப்பும் வதையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எனக்கு அதற்கப்புறம் ஆச்சரியமாக இல்லை.

ஒரு எச்சரிக்கை. ரெப்டனில் கொடூரமாக அடித்த தலைமையாசிரியர் பின்னாளில் காண்டர்பரி பேராயர் ஆனார் என்று அந்தப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த அடி விழுந்தபோது பேராயர் ஆனவர் பள்ளியை விட்டே போய்விட்டிருந்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே அந்தப் புத்தகத்தை ஆவணமாகப் படிக்காதீர்கள், கதைசொல்லி தன் காயத்தைச் சொன்ன விதமாகப் படியுங்கள்.

#7 வெயில்காலம்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, அதுவும் அந்தக் கிழவி உட்கார்ந்து பார்த்தது. ஆனால் ஆற்றுமணல், அடிபட்டவர் எழுதினார் என்பதால் அவர் கொடுக்கும் அடி எல்லாம் நியாயம் ஆகிவிடாது. எனக்கு அந்தக் குண்டு விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

#8 தெற்குத்தெரு

அதற்குப் பதில் சொல்கிறேன் என்று வெளியீட்டாளர்களே 2023-ல் கிளம்பினார்கள். பஃபின் பதிப்பகமும், டால் எழுத்துகளின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான இடங்களில் வரிகளை மாற்றின. அகஸ்டஸ் குண்டு என்ற சொல் போய் மிகப் பெரியவன் ஆனான். சூனியக்காரிகள் கதையில் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்காரும் பெண் விஞ்ஞானி ஆனாள். சல்மான் ருஷ்டி உட்படப் பலரும் கண்டித்தார்கள், கடைசியில் பழைய வாசகமும் தனியாகக் கிடைக்கும் என்று பஃபின் அறிவித்தது.

எனக்கு இதில் மிகவும் வலித்த மாற்றம் மடில்டாவில் இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே அவள் ஊர் ஊராகப் போவாள், ஹெமிங்வேயோடு ஆப்பிரிக்கா, கிப்ளிங்கோடு இந்தியா. புதுப் பதிப்பில் கிப்ளிங் போய்விட்டார், ஜான் ஸ்டைன்பெக்கோடு கலிஃபோர்னியா போகிறாள். கிப்ளிங்கின் ஏகாதிபத்தியக் கருத்துகளுக்காக நீக்கியிருப்பார்கள் போல. அவரை நானும் விரும்பிப் படித்தவன் இல்லை. ஆனால் அந்தப் பெண் குழந்தையின் பயணத்தில் நம் நாட்டுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார்கள்.

கிப்ளிங்கை எடுத்தவர்களைக் கேட்டால் நம் மரியாதைக்காக எடுத்தோம் என்பார்கள், அப்படியென்றால் சாக்லேட் கதையில் வரும் பாண்டிச்சேரி இளவரசர்? நூறு அறை உள்ள சாக்லேட் அரண்மனை கட்டித் தரச் சொல்கிறார், சீக்கிரம் தின்றுவிடுங்கள் என்று தொழிற்சாலை முதலாளி வோங்கா எச்சரிக்கிறார், முடியாது, இதில்தான் குடியிருப்பேன் என்கிறார் இளவரசர், வெயில் வந்ததும் எல்லாம் உருகி அவர் சாக்லேட் குளத்தில் நீந்தி எழுகிறார். நம் பாண்டிச்சேரி 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது, அங்கே எந்த இளவரசரும் இல்லை. இந்திய ராஜா என்றால் பணக்கார முட்டாள் என்ற பழைய ஆங்கிலேயக் கற்பனை அது. அதை வெட்ட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். இது அவர்கள் கற்பனை, நம் ஊர் இப்படி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் பதிப்பில் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் குள்ளர்கள், சம்பளத்துக்குப் பதில் கோக்கோ விதை. 1970-களின் தொடக்கத்தில் கடுமையான எதிர்ப்பு வந்தது, டாலே உட்கார்ந்து மாற்றி எழுதினார், 1973 பதிப்பிலிருந்து அவர்கள் லூம்பாலாந்து என்ற கற்பனை ஊர்க்காரர்கள். ஆகவே ஒரு சொல்லும் மாறக்கூடாது என்று அவர் பெயரில் சத்தியம் செய்ய வேண்டாம். அவர் உயிரோடு இருந்து, சண்டை போட்டு, யோசித்து மாற்றினார். செத்த பிறகு மற்றவர்கள் மாற்றுவது வேறு.

#9 கிணற்றடி

குண்டு விஷயத்துக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் புரூஸ் பாக்டிராட்டர். டிரஞ்ச்புல்லின் கேக்கைத் திருடித் தின்ற குண்டுப் பையன். பள்ளி முழுவதும் பார்க்க, ஒரு ராட்சதச் சாக்லேட் கேக்கை முழுசாகத் தின்று முடிக்கச் சொல்லி அவனை அவமானப்படுத்தப் பார்க்கிறாள். அவன் துண்டு துண்டாகத் தின்றுகொண்டே போகிறான். முதலில் வாந்தி எடுப்பான் என்று பயந்த பிள்ளைகள் பாதியில் கத்தி உற்சாகப்படுத்தத் தொடங்குகிறார்கள். அவன் தட்டைக் காலி செய்கிறான். அவள் அந்தத் தட்டையே அவன் தலையில் உடைக்கிறாள், அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். எந்த உடம்பை வைத்து அவனைச் சிறுமைப்படுத்த நினைத்தாளோ அதை வைத்தே ஜெயிக்கிறான்.

1964-ல் அகஸ்டஸை எழுதியவர் 1988-ல் புரூஸை எழுதினார். ட்விட் கதையின் தொடக்கத்திலும், நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு மூக்கு கோணலாக இருந்தாலும் வாய் வளைந்திருந்தாலும் முகம் அழகாகத்தான் தெரியும் என்று எழுதுகிறார். அவர் எல்லா இடத்திலும் அதைக் கடைப்பிடித்தார் என்று சொல்ல முடியாது. புரூனோவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

டிரஞ்ச்புல்லுக்குக் கிடைக்கும் தண்டனையையும் பாருங்கள். அவளை யாரும் அடிப்பதில்லை. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டி தானாக எழுதுகிறது, ஆசிரியை ஹனியின் செத்துப்போன அப்பா எழுதுவது போல, என் மகளுக்கு அவள் வீட்டையும் சம்பளத்தையும் கொடு என்று. அவள் மயங்கி விழுகிறாள், எழுந்து ஊரை விட்டு ஓடுகிறாள். பழம் நசுக்கிய அத்தைகளிலிருந்து சுண்ணாம்புக் கட்டி வரைக்கும் வந்திருக்கிறார். எழுத எழுத அடி மெலிந்து, பயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

#10 இரட்டைச்சுழி

நீங்கள் பேசுவதெல்லாம் பிள்ளைகள் புத்தகம். அவர் பெரியவர்களுக்கு எழுதியதையும் பாருங்கள், அங்கே தண்டனையே கிடையாது. 1953-ல் வந்த ஆட்டுத்தொடைக் கதை தெரியும்தானே? வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்ன கணவனை, உறைபெட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தொடையாலேயே பின்மண்டையில் அடித்துக் கொல்கிறாள் கர்ப்பிணி மனைவி. பிறகு அதை அடுப்பில் வேக வைத்து, விசாரிக்க வந்த போலீஸ்காரர்களுக்கே பரிமாறுகிறாள். ஆயுதம் நம் மூக்குக்கு அடியிலேயே இருக்கும் என்று பேசிக்கொண்டே அவர்கள் தின்கிறார்கள், பக்கத்து அறையில் அவள் சிரிக்கிறாள். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் அதை 1958-ல் டிவிக்கு எடுத்தார். வளர்ந்த பிறகு கெட்டது செய்தவருக்குத் தண்டனை கிடைக்கும் என்று அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 1983-ல் நியூ ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைப் பேட்டியில் யூதர்களைப் பற்றி மிக மோசமாகப் பேசினார், ஹிட்லர் செய்ததற்கே காரணம் கற்பிக்கும் அளவுக்கு. 1990-ல் தான் யூத வெறுப்பாளன் ஆகிவிட்டதாகவே சொன்னார். அவர் குடும்பம் 2020-ல் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகளின் வலி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவருக்கு ஒரு முழு மக்களின் வலி தெரியவில்லை. அதே 1983-ல்தான் சூனியக்காரிகள் கதையும் வந்தது என்பதால் எனக்கு அந்தப் புத்தகத்தை நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் சாதாரணப் பெண் மாதிரி இருப்பார்கள், ரகசியமாகக் கூடுவார்கள், பிள்ளைகளை ஒழிப்பார்கள் என்று ஒரு கூட்டத்தையே சந்தேகிக்கச் சொல்லும் கதை அது.

#11 ஆற்றுமணல்

பேட்டி விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன், அதற்கு அவருக்குச் சாதகமாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் சூனியக்காரிகள் கதையைக் கைவிட என்னால் முடியாது, அதற்குக் காரணம் அதன் முடிவு. வெயில்காலம் கேட்ட பாட்டிக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

கதை சொல்லும் பையனைச் சூனியக்காரிகள் எலியாக மாற்றிவிடுகிறார்கள். அவர்களை அவன் ஜெயிக்கிறான், அவர்களுடைய மருந்தையே அவர்கள் சூப்பில் ஊற்றுகிறான். ஆனால் அவன் மறுபடி பையன் ஆவதில்லை. எலியாகவே இருக்கிறான். எத்தனை வருடம் உயிரோடு இருப்பேன் என்று கேட்கிறான். சுமார் ஒன்பது வருடம் என்கிறாள் நார்வேக்காரப் பாட்டி. அவளுக்கு 86 வயது. அவனுக்கு ஒரே சந்தோஷம், உனக்குப் பிறகு வேறு யாரும் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், இரண்டு பேரும் ஒன்றாகவே போய்விடலாம் என்று. 1990-ல் வந்த படத்தில் அவனை மறுபடி பையனாக்கிவிட்டார்கள், டாலுக்கு அது பிடிக்கவே இல்லை.

அவருடைய மூத்த மகள் ஒலிவியா 1962-ல், ஏழு வயதில், தட்டம்மை மூளைக்கு ஏறி இறந்துபோனாள். அக்கா இறந்த அதே வயது. பின்னாளில் தடுப்பூசி போடுங்கள் என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். உடம்பு தேறிவருகிறாள் என்று நினைத்து, படுக்கையில் உட்கார்ந்து வண்ணக் கம்பிகளில் சின்ன விலங்குகள் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் விரல்களும் மனமும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்பதைக் கவனித்ததாக எழுதுகிறார். தூக்கமாக வருகிறது என்றாள், ஒரு மணி நேரத்தில் நினைவு போனது, பன்னிரண்டு மணி நேரத்தில் உயிரும். இப்படிப் பார்த்த ஒருவர், எல்லாம் பழையபடி சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல மறுத்ததை நான் மதிக்கிறேன்.

#12 மழைத்தாள்

எல்லாம் படித்தேன். எனக்குச் சின்னச் சந்தேகம். என் அண்ணன் பையனுக்கு ஏழு வயது, எதில் தொடங்கலாம்?

#13 நூலகப்பூனை

1970-ல் வந்த நரிக் கதையில் தொடங்குங்கள், "ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்". சின்னப் புத்தகம், அடியெல்லாம் நரியின் வாலோடு போய்விடும். மூன்று பணக்காரப் பண்ணைக்காரர்கள் நரியைக் கொல்ல அதன் வளையின் வாசலில் துப்பாக்கியோடு மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நரி மண்ணுக்கு அடியிலேயே தோண்டிப் போய் அவர்கள் கிடங்குகளிலிருந்தே ஊருக்கு விருந்து வைக்கும். குவென்டின் பிளேக் படம் போட்ட பதிப்பு கிடைத்தால் நல்லது. மடில்டா ஒன்பது வயதுக்கு மேல், கூட உட்கார்ந்து படியுங்கள். எலிக் கதை பத்து வயது ஆகட்டும்.

#14 வெயில்காலம்

நானும் சேர்த்துச் சொல்கிறேன், ஜார்ஜ் கதையைக் கொடுப்பதாக இருந்தால் குளியலறை அலமாரியைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். புத்தகத்திலேயே வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், என் பெண் அதைத்தான் முதலில் வாசித்துக் காட்டினாள். நார்வேப் பாட்டியை இன்று ராத்திரி அவளோடு சேர்ந்து படிக்கப்போகிறேன். ஜார்ஜின் பாட்டியைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு பாட்டியையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு அவள் யார் பக்கம் நிற்கிறாள் என்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.